காரை கல்லைவிட இளைய வெளிச்சம்: எம்87 கேலக்ஸி தெரியுமா?

பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் அரியலூர் பக்கமும் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவம் பார்த்திருக்கீங்களா? அந்தக் கடல் உயிரினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்தது.

இப்போ வானத்தைப் பாருங்க. கன்னி ராசி திசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் கொத்தாக இருக்கு. நடுநாயகம் எம்87, ராட்சத நீள்வட்ட கேலக்ஸி. தூரம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டுகள். இன்று நமக்குத் தெரியும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோதே காரை அம்மோனைட் கல்லாகிக் கிடந்தது!

சின்ன கேலக்ஸிகளை விழுங்கியே எம்87 பெருத்தது. நடுவில் 650 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. 2019-ல் வெளியான முதல் கருந்துளைப் படம் இதனுடையதுதான். அது பீய்ச்சும் ஆற்றல் சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாது. அதனால் புது நட்சத்திரம் பிறப்பது அபூர்வம்.

எம்87 வெளிச்சம் நாளைக்கும் வரும். காரை கல்லை எடுத்துட்டுப் போனா திரும்ப வராது. படம் எடுங்க, கல்லை அங்கேயே விடுங்க.