மழைக்குப் பின் ஆற்றில் கிருமி கூடுவது ஏன்?

புதுவெள்ளம் ஆற்றைக் கழுவிவிடும் என்று நம்புகிறோம். மலக்கிருமி விஷயத்தில் நடப்பது நேர்மாறு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், தோட்டங்களையும் கோவை, திருப்பூர் நகரங்களையும் கடந்து காவிரியில் சேர்கிறது. இப்படிப்பட்ட ஆற்றில் மழைநீரோடு வயல் சாணமும் தெருச் சாக்கடையும் சேர்ந்தே இறங்கும். ஆற்றடி வண்டலில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும் ஈ.கோலை என்னும் மலக்கிருமியையும் வெள்ளம் கலக்கி மேலே கொண்டுவரும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைக் கொல்லும்; கலங்கிய நீருக்குள் கதிர் இறங்காதே! ஆற்றில் கலந்த மலம் மாட்டுடையதா, மனிதருடையதா? கிருமிகளின் வெறும் எண்ணிக்கை அதைச் சொல்லாது. பாக்டீராய்டிஸ் என்னும் குடல் பாக்டீரியாவின் மரபணு அடையாளம் காட்டிக்கொடுக்கும். குளிக்கும் நீரில், 100 மில்லிலிட்டருக்கு, ஈ.கோலை போன்ற மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 2,500-ஐத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. மழைக்குப் பின் ஆறு இந்த வரம்பைத் தாண்டக்கூடும்; அதனால் கனமழை விட்டதும் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள்.