புல்லின் உயரமும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியும்

செடி இருக்கிறது, பூச்சியைத்தான் காணோம். பிரிட்டனில் ‘பெரிய நீலம்’ என்ற வண்ணத்துப்பூச்சி அருகிவந்த காலத்தில் இயற்கை ஆர்வலர்களைக் குழப்பிய புதிர் இது. காட்டுத் தைம் என்னும் மணமுள்ள சிறுசெடியின் மொட்டில்தான் அது முட்டையிடும். அந்தச் செடிக்குக் குறைவில்லை. வலையோடு வரும் சேகரிப்பாளர்கள்மேல் பழியைப் போட்டு, அது வாழ்ந்த இடத்துக்கு வேலி போட்டும் பார்த்தார்கள். வேலிக்குள்ளும் அது அழிந்தது. 1979இல் பிரிட்டனில் முற்றாக அற்றுப்போனது.

விடை மண்ணுக்கடியில் இருந்தது. இதன் புழு சில வாரம் தைம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். புழுவின் உடலில் சுரக்கும் இனிப்புநீரில் மயங்கும் எறும்பு, அதைத் தன் இனத்துக் குஞ்சு என்று நம்பிக் கூட்டுக்குத் தூக்கிப்போகும். விருந்தாளி அங்கே பல மாதம் தங்கி, எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கும். ஆனால் எல்லா எறும்புக் கூட்டிலும் அது தப்பிப்பதில்லை. ‘மிர்மிகா சபுலெட்டி’ என்ற இனத்தின் கூட்டில்தான் புழு நன்கு பிழைக்கிறது. இதை 1970களில் கண்டறிந்தவர் ஆய்வாளர் ஜெரமி தாமஸ்.

அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். குளிர்நாடான பிரிட்டனில் அது கிடைப்பது, ஆடுமாடும் முயலும் ஒட்ட மேய்ந்த தெற்குச் சரிவுகளில். புல் சில சென்டிமீட்டர் வளர்ந்தாலே போதும். நிழல் விழுந்து மண்ணின் வெப்பம் 2, 3 டிகிரி இறங்கிவிடும். சபுலெட்டி இடத்தைக் காலிசெய்ய, குளிரைத் தாங்கும் அதன் பங்காளி இனம் குடியேறும். தைம் அதன்பின்னும் பூக்கும், முட்டையும் விழும், ஆனால் புழு பிழைக்காது. ஐரோப்பாவின் வெப்பமான பகுதிகளிலோ புல் சற்று உயர்ந்தாலும் இதே எறும்புக்குக் கவலையில்லை. ஆகவே எவ்வளவு மேய்ச்சல் சரி என்பதை அந்தந்த ஊர் வெயில்தான் முடிவு செய்கிறது.

பிரிட்டனில் மேய்ச்சல் குறைந்ததற்குக் காரணம் எளியது. சரிவு நிலத்தில் மந்தை மேய்ப்பது கட்டுபடியாகவில்லை என்று விவசாயிகள் கைவிட்டார்கள். 1953இல் வந்த மிக்ஸோமடோசிஸ் நோய் முயல்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. பூச்சியைக் காக்கப் போட்ட வேலியோ கால்நடையையும் வெளியே நிறுத்தியது. நல்லெண்ணம் செய்த கேடு என்றுதான் இதைச் சொல்லவேண்டும். எஞ்சியிருந்த சிறு வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தை 1975–76 வறட்சியும் வாட்டியது.

காரணம் தெரிந்ததும் முதலில் எறும்புக்குத்தான் வீடு தயாரித்தார்கள்: புதர் வெட்டி, மாடுகளையும் குதிரைகளையும் திரும்ப விட்டார்கள். பிறகு 1983 முதல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதிக் குன்றுகளில் பெரிய நீலம் இன்று மறுபடி பறக்கிறது. வெயில் விரும்பும் வேறு பூச்சிகளும் பூச்செடிகளும் அங்கே பெருகியிருக்கின்றன. மேய்ச்சலுக்கும் அங்கே பருவம் உண்டு. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மந்தையை விட்டுப் புல்லை ஒட்ட மேயவிடுவார்கள். தைம் பூத்து முட்டை விழும் கோடையில் ஓட்டிவிடுவார்கள்.