களையெடுக்கப் போகும் வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி



"விடிஞ்சா களையெடுக்கப் போவணும், பிள்ளைக்குத் தனியா ஆக்க நேரம் ஏது?" என்று செஞ்சிப் பக்கத்து வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. நீராகாரமும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுப் போனால் எடை ஏறாது.

வாரம் ஒருநாள் மாவு தயாரித்து வையுங்கள். இரண்டு ஆழாக்கு கேழ்வரகை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். முளை விட்டதும் நன்றாகக் காயவைத்து இலேசாக வறுத்து, ஒரு ஆழாக்கு வறுத்த பாசிப்பயறு சேர்த்து அரையுங்கள். முளைத்த தானிய மாவு கஞ்சியை அதிகம் கெட்டியாக விடாது. அதனால் அதே கிண்ணத்தில் மாவு கூடப் போடலாம். சின்ன வயிற்றுக்குள் சத்து அதிகம் போகும்.

வறுத்த மல்லாட்டையைக் காய்ச்சும் அன்று நைசாக இடித்துச் சேருங்கள். மாவோடு வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சை பிடித்த மல்லாட்டை வேண்டவே வேண்டாம். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் போகாது.

மூன்று கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கிளறினால் போதும். மனைவி தண்ணீர் எடுத்து வருவதற்குள் கணவர் கிளறி இறக்கலாம்; கௌரவம் குறையாது! காலைக் கஞ்சியை மாலைவரை வைத்து ஊட்டாதீர்கள். வீட்டிலிருக்கும் ஆயாவிடம் மாவைக் கொடுத்து, வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சச் சொல்லுங்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் கஞ்சியாகக் காய்ச்சலாம். பிள்ளைக்கென்று வந்ததைப் பெரியவர்கள் உருண்டை பிடித்துத் தின்பதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் அங்கே எடை போட்டு, அட்டையில் கோடு ஏறுகிறதா என்று இருவருமே பாருங்கள்.