சோதித்தறிவது அவிசுவாசம் அல்ல

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியை நெருங்கும்போது பாறையில் ஆழமான பிளவு ஒன்று குறுக்கிடும். அதன் மேல் உள்ள சிறிய பாலத்தைக் கடந்துதான் மேலே செல்ல முடியும். பகைவர் நெருங்கினால் பாலத்தை எடுத்துவிடலாம் என்பதே அக்காலத்து ஏற்பாடு. 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டதற்கு, வருபவரை நிறுத்திப் பார்க்கும் இத்தகைய வாசல்களும் ஒரு காரணம்.

இந்தக் கோட்டையின் அடிவாரத்தில் வாழும் கிறிஸ்தவன் என்ற முறையில், எங்கள் சபைகளின் வாசலில் அப்படியொரு காவல் இருக்கிறதா என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. அதற்குக் காரணம் என் சின்னம்மா. நீண்டகாலமாக நீரிழிவு நோய்க்கு மருந்து உட்கொண்டு வந்தவர் அவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர், சுகம் அருளப்பட்ட பிறகும் மாத்திரை விழுங்குவது அவிசுவாசத்தின் அடையாளம் என்று மேடையில் முழங்கினார். சின்னம்மா அன்றிரவே மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் அழுகி, சில மாதங்களில் பாதத்தையே அகற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அது தவறான உபதேசம் என்று எனக்குத் தெரிந்திருந்தும், ஊழியக்காரரை எதிர்த்துப் பேசலாமா என்று தயங்கி மௌனமாக வீடு திரும்பினேன்.

அந்தத் தயக்கத்துக்கு வேதாகமத்தில் இடமே இல்லை என்பதைப் பின்னர்தான் நிதானமாக உணர்ந்தேன். இறைவனின் பெயரால் ஒருவர் உரைத்தது நிறைவேறாவிட்டால் அது இறைவன் சொன்னதன்று. அவருக்கு அஞ்ச வேண்டாம் என்கிறது உபாகமத்தின் 18ஆம் அதிகாரம். கூலிக்காகக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா கடிந்துரைக்கிறார். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று வேதநூல்களை நாள்தோறும் ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைக் குறைசொல்லவில்லை, பாராட்டுகிறது. எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவானின் முதல் நிருபம் கேட்டுக்கொள்கிறது. அப்போஸ்தலனாகிய பவுலையே சோதிக்கலாம் என்றால், மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் ஒருவரைச் சோதிக்கக் கூடாதா?

ஆதித் திருச்சபை இதை நடைமுறையாகவே வைத்திருந்தது. முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் 'டிடாக்கே' என்ற சிறுநூலின் கையெழுத்துப் படி 1873இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கண்டெடுக்கப்பட்டது. ஊர்ஊராகச் செல்லும் போதகர்களை எப்படி ஏற்பது என்பதற்கு அது தெளிவான விதிகளைத் தருகிறது. ஓரிரு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு உணவு பெற்றுக்கொள்ளலாம். பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குக் காசு கேட்பவருக்குச் செவிகொடுக்கக் கூடாது. இல்லாதவருக்காகக் கேட்டால் அவரைக் குறைகூற வேண்டாம். சொற்பொழிவின் கவர்ச்சியை விட்டுவிட்டு, பேசுபவரின் நடத்தையையும் பணத்தோடு அவருக்குள்ள உறவையும் அளவுகோலாக்கிய எளிய மக்களின் விவேகம் அது.

தவறான போதனை என்றதும் பணம் பறிக்கும் போலிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். மனப்பூர்வமாக நம்பியவர்களும் தவறிழைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தோடு கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாக இருந்தார். மலையாளத்தில் அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் கேரளத் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. திருநெல்வேலியில் எழுந்த எழுப்புதலின் அலை அங்கே பரவிய காலத்தில், 1881இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று அவர் அறிவித்தார். நம்பியவர்கள் தாய்ச்சபையை விட்டுப் பிரிந்தார்கள். குறித்த நாள் கடந்தது. தவறை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, புதிய யுகம் பிறந்துவிட்டது என்ற புது விளக்கத்தோடு 'யுயோமயம்' என்ற தனி மார்க்கம் உருவாயிற்று. கல்வியோ, கவித்திறமோ, பக்தியோ ஒருவரைத் தவறிலிருந்து காத்துவிடாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இந்த வரலாறு உலகெங்கும் திரும்பத் திரும்ப நடக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் நாளுக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். 2020 மார்ச்சில் தென்கொரியாவின் சியோல் நகருக்கு அருகே ஒரு சபையில், கொரோனாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்களின் வாயில் உப்புநீர் தெளித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானார்கள். 2023இல் கென்யாவின் ஷகஹோலா காட்டிலிருந்து நானூறுக்கும் அதிகமான உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதிக்கப்பட்ட குடும்பங்கள் அவை. அந்தப் பாதையின் முதல் படியும், கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதே விசுவாசம் என்ற போதனைதான்.

இத்தகைய போதனை ஏன் எளிதில் வேரூன்றுகிறது? மூன்று காரணங்களைக் காண்கிறேன். முதலாவது, ஒரு வசனத்தை அதன் சூழலிலிருந்து பிரித்தெடுப்பது. அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்ற சங்கீத வாக்கு, நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி அரசர்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை. போதகரின் வரவு செலவைக் கேட்காதே என்பதற்கு இன்று அது கேடயமாகிவிட்டது. இரண்டாவது, தோல்விக்கான பழியைக் கேட்பவர் மீதே சுமத்துவது. சுகம் கிடைத்தால் ஊழியரின் வல்லமை. கிடைக்காவிட்டால் நோயாளியின் விசுவாசக் குறைவு. எந்த முடிவாலும் பொய்யாக்க முடியாத வாக்குறுதியை எவராலும் சோதிக்க இயலாது. மூன்றாவது, வறுமை. கடன் தீரும், மகனுக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லி 'விதைக் காணிக்கை' கேட்கும்போது, கையில் இருக்கும் கடைசி நூறு ரூபாயைக் கொடுப்பவர் பேராசைக்காரர் அல்லர். வேறு வழி தெரியாதவர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நமக்குப் பழக்கமில்லாதவை எல்லாம் கள்ளப் போதனை ஆகிவிடா. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தி, தமிழ் மரபுகளை ஏற்றுச் சமயம் பரப்பியபோது, சக துறவியே அவர்மீது குற்றம் சாட்டினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவ்வழக்கங்கள் பலவற்றை அனுமதித்தார். 1704இல் இங்கிருந்து தொலைவில்லாத புதுச்சேரியில், போப்பின் தூதராக வந்த தூர்னோன் அவற்றுள் பலவற்றைத் தடைசெய்து ஆணையிட்டார். தமிழ் அறியாதவர், சில மாதங்களே தங்கியவர் அவர். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணையை வெளியிடும்வரை சர்ச்சை நீடித்தது. அன்று பெரும் வழக்காகப் பேசப்பட்ட குடுமியும் பூணூலும் இன்று யாரையும் உறுத்தவில்லை. சபைக்குள் புகுந்த சாதிப் பிரிவினையோ இன்றும் அகலவில்லை. 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கோரியதைத் தொடர்ந்து மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் மக்களைப் பிறப்பால் பிரிக்கலாம் என்பதைவிடப் பெரிய தவறான உபதேசம் வேறென்ன இருக்க முடியும்? அதை யாரும் மேடையேறிப் போதிப்பதில்லை, பழக்கமே போதிக்கிறது. ஆகவே, பகுத்தறியும் கண் முதலில் நம்மை நோக்கித் திரும்ப வேண்டும்.

இப்பணியை அரசிடம் ஒப்படைத்துவிடலாமா? 1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலஸ் பிமெண்டா, அன்று இங்கே ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரம் கோயிலில் பெருமாள் சந்நிதித் திருப்பணியை மேற்கொண்டபோது, அதை எதிர்த்த அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதாக எழுதிவைத்திருக்கிறார். சமயத்தாருக்குள் தீர்க்க வேண்டிய வழக்கில் அதிகாரம் நுழைந்தால் விளைவது என்ன என்பதற்கு நம் ஊர் வரலாறே பாடம். குற்றத்தைத் தண்டிப்பது அரசின் கடமை. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு முதலிய நோய்களை மந்திர சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. மோசடிக்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. ஆனால், எது சரியான உபதேசம் என்று தீர்ப்பளிப்பது காவல் நிலையத்தின் வேலையன்று. அது சபையின் வேலை. சபை என்பது விசுவாசிகளாகிய நாம்.

அந்த வேலையைச் செய்யச் சில எளிய கேள்விகள் போதும். போதகர் காட்டிய வசனத்தின் முன்னும் பின்னும் உள்ள பகுதியை வாசித்தாலும் அதே பொருள் வருகிறதா? காணிக்கைக் கணக்கைத் தணிக்கை செய்பவர் யார், அதைச் சபையார் பார்க்க முடியுமா? அவரைக் கேள்வி கேட்க ஆயரோ, மூப்பரோ, செயற்குழுவோ இருக்கிறார்களா? கடந்த ஆண்டு சொன்ன தீர்க்கதரிசனம் என்னவாயிற்று? மருத்துவரிடம் போகாதே, பெற்றோரிடம் சொல்லாதே என்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் போதனையால் சபையிலேயே ஏழையாக இருப்பவர் நிமிர்ந்தாரா, மேலும் கடனாளி ஆனாரா? கனிகளால் மரத்தை அறியலாம் என்று இயேசு சொன்னதன் பொருள் இதுதான். ஆயர்களும் வேதாகமத்தை முழுமையாக, வரிசையாகக் கற்பிக்க முன்வர வேண்டும். தங்கள் மேடையை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இருநூறு பேர் கூடுவார்கள் என்பது ஒருவரை அழைப்பதற்கான தகுதியன்று.

வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது அவர் கருத்து. ஐயமே வாழ்க்கையாகிவிடக் கூடாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. நல்ல போதகர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். சோதிக்கப்படுவதற்கு அவர்கள் அஞ்சுவதில்லை.

ஜெபத்துக்கும் மருந்துக்கும் பகை இருப்பதாக எண்ணுவது எங்கள் பகுதிச் சபைகளின் வரலாற்றுக்கே முரணானது. 1853இல் தோன்றிய ஆற்காடு மிஷனை நிறுவியவர்கள் மருத்துவ ஊழியர் ஜான் ஸ்கடரின் புதல்வர்கள். அவர் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மருந்து கொடுத்த கைகளே ஜெபத்துக்கும் குவிந்தன.

சின்னம்மா இப்போதும் ஞாயிறுதோறும் ஊன்றுகோலின் துணையோடு ஆராதனைக்கு வருகிறார். அவர் விசுவாசம் குறையவில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் நானோ வேறொருவரோ எழுந்து, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இன்று ஊன்றுகோல் தேவைப்பட்டிருக்காது. அடுத்த முறை அப்படியொரு போதனையைக் கேட்டால் எழுந்து பேசுவேன் என்று அவரிடம் வாக்களித்திருக்கிறேன்.