பேஸ்மேக்கருக்குச் சைக்கிள் தெரியாது

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவருக்கு வன்னியில் முதலில் கிடைப்பது ஒரு சாய்மனைக் கதிரை. "இஞ்ச பாருங்கோ, வயல் பக்கம் போகாதேங்கோ, சைக்கிளையும் தொடாதேங்கோ" என்பார் மனைவி. "நீங்கள் சும்மா இருந்தாலே காணும் அப்பா" என்று வெளிநாட்டிலிருந்து மகன் போனில் சொல்லுவான். நெஞ்சுக்குள் இருப்பதோ 20, 30 கிராம் நிறையுள்ள டைட்டேனியப் பெட்டி. உடம்பில் போர்க்காலச் செல் துண்டோடு பதினைந்து வருஷத்துக்கு மேலாக வயல் செய்கிற ஆட்கள் உள்ள மண்ணில் இந்தச் சின்னப் பெட்டிக்கு இவ்வளவு பயம் ஏன் வந்ததோ.

பயம் தெளிய வைக்க ஊரில் சொல்லப்படுவது உதைபந்தாட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சனின் கதை. 2021 ஜூன் 12ஆம் திகதி கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். கருவி பொருத்திய பிறகு அவர் கழகத்துக்கு ஆடிவந்த இத்தாலியின் விதி அவரை அங்கே ஆட விடவில்லை. இங்கிலாந்துக்குப் போய் ஆடினார். 2024 ஜூன் 16ஆம் திகதி, அதே ஐரோப்பியக் கிண்ணத் தொடரில், ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். நல்ல கதைதான். ஆனால் அவருக்கு வைத்தது ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து அடக்குகிற வேறு கருவி. நம் ஊர் ஆட்களுக்குப் பொருந்துகிற ஆள் ஆர்னே லார்சன். 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் உலகிலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் அவர். அந்த முதல் கருவி சில மணி நேரத்தில் பழுதாகிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகள் மாற்றி, வைத்த சத்திரசிகிச்சை நிபுணரையும் செய்த பொறியியலாளரையும் தாண்டி வாழ்ந்து, 2001இல் 86 வயதில் புற்றுநோயால்தான் போனார்.

முதல் நாலு தொடக்கம் ஆறு கிழமை கவனமாக இருக்கவேண்டியது உண்மை. பெட்டி இருக்கிற பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது, பாரம் எடுக்கக்கூடாது. இதயத்துக்குள் போகிற கம்பி அந்த நாட்களில்தான் சதையோடு ஒட்டிப் பிடிக்கிறது. அதற்காகக் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தோள்மூட்டு இறுகி, மூன்று மாதம் கழித்துத் தலை வாரவே ஆள் தேவைப்படும். கையை அளவாக அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பிறகு வருகிற இடைஞ்சல்கள் எந்தப் புத்தகத்திலும் நம் ஊர்க் கணக்கில் எழுதப்படவில்லை. வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் பத்துப் பதினைந்து லீட்டர் தண்ணீர். அதன் இடப்பக்க வார் சரியாகக் காறை எலும்பின் மேலே, பெட்டி வைத்த தையலிலேயே வந்து விழும். வரம்பில் நடக்க நடக்க அது அந்த இடத்தைத் தேய்க்கும். வாரின் கீழே தடித்த துணி மடித்து வைப்பதைவிட, அந்த வேலையை மகனிடம் விடுவது நல்லது. கரப்பந்தாட்டத்தில் சேர்விஸ் போடுவதும் வலைக்கு மேலே எழும்பி அடிப்பதும் கையைத் திரும்பத் திரும்பத் தலைக்கு மேலே கொண்டுபோகும். காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையில் கம்பி நசுங்கி நாளடைவில் முறியலாம். வலக்கைக்காரர்களுக்குப் பெட்டியை இடப்பக்கம் வைப்பது அதனால்தான். இடக்கையால் அடிக்கிறவர்கள் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வாய் திறந்து சொல்லவேண்டும். ஆள் மேல் ஆள் விழுகிற ஆட்டங்கள் வேண்டாம் என்பது வைத்தியர்களில் பலரின் கட்சி. அதில் நியாயம் உண்டு.

எனக்குள்ள கவலை வேறு. பெட்டி இதயத்தை எந்த வேகத்தில் துடிக்க வைக்கவேண்டும் என்பதை வைத்தியசாலையில் ஒருவர் இலக்கம் போட்டு வைக்கிறார். சாய்மனைக் கதிரைக்கு அந்த இலக்கம் போதும். தருமபுரத்திலிருந்து பரந்தனுக்குச் சோளகக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதிக்கிறவருக்கு அது போதாது. சில கருவிகள் நிமிடத்துக்கு 60 என்று வைத்தால் 60தான். கால் இரத்தம் கேட்கும், இதயம் அசையாது. உடல் அசைவை உணர்ந்து வேகத்தைக் கூட்டும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு வில்லங்கம்: நடக்கும்போது நெஞ்சு குலுங்கும், கருவிக்கு விளங்கும். சைக்கிளில் மேலுடம்பு ஆடாமல் காலே வேலை செய்யும், அதனால் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அது எண்ணிக்கொள்ளும். மூச்சின் வேகத்தை அளக்கிற கருவி இந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரன். இளம் ஆட்களுக்கோ கருவியின் உச்ச வேக எல்லை தொல்லை. முதியவருக்கு வைக்கிற 120, 130 என்ற எல்லையோடு பெடியன் ஒருவன் மைதானத்தில் ஓடினால், எல்லையைத் தாண்டியதும் கருவி துடிப்புகளைத் தவறவிடும். சில வேளை வேகம் பாதியாக விழுந்து, ஓடிக்கொண்டிருந்தவன் கால் சோர்ந்து நிற்பான். பார்த்தவர்கள் "நாங்கள் அப்பவே சொன்னம்" என்பார்கள்.

இதைத் திருத்தக் கத்தி வேண்டாம். நெஞ்சுக்கு மேலே கருவி ஒன்றைப் பிடித்து, கணினித் திரையைப் பார்த்தபடி சில நிமிடங்களில் இலக்கத்தை மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பனியின் பெட்டிக்கும் அதனதன் இயந்திரம்தான் பேசும். அது இருக்கிற இடத்துக்கு முல்லைத்தீவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ விடியமுன் பஸ் ஏறவேண்டும். யாழ்ப்பாணம், அனுராதபுரம், சிலருக்குக் கொழும்பு. அங்கே வரிசையில் நின்று கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் நம் ஆள் என்ன சொல்கிறார்? "ஓம் ஐயா, சுகமாய் இருக்கிறன்." சைக்கிள் ஓடுகிறதைச் சொன்னால் பேச்சு விழும் என்று மறைக்கிறார். வயலில் இளைக்கிறதைச் சொன்னால் வயலை நிறுத்தச் சொல்லுவார்கள் என்று அதையும் விழுங்குகிறார். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நேர்த்தியாக இருக்கிறது. பழைய இலக்கமே இன்னும் ஆறு மாதத்துக்கு நிற்கிறது. அவரோ பஸ்ஸில் திரும்பும்போதே, வயசு போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார். பெட்டியைச் சுமக்கிற வருஷமெல்லாம் இப்படித்தான் போகிறது.

ஆகவே கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை கட்டை சைக்கிள், எத்தனை ஏக்கர், பின்னேரம் எந்தக் கழகத்து மைதானம், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது. பெட்டியின் கம்பனி பெயர் உள்ள அட்டையையும் கொப்பிக்குள் வையுங்கள், புறப்பட முன் அந்த இயந்திரம் அன்றைக்கு இருக்குமா என்று போனில் கேளுங்கள். கிளினிக்குக்கு முதல் நாள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கதிரையில் இருந்து மணிக்கட்டில் நாடி பிடித்து அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். பிறகு வழக்கம்போல ஒழுங்கை முடிவுவரை சைக்கிள் மிதித்து வந்து, இறங்கிய உடனே மறுபடி எண்ணுங்கள். இரண்டு தடவையும் 60 என்றால், வைத்தியர் சுகம் கேட்கிறதுக்கு முன்னமே அந்தப் பக்கத்தை நீட்டிவிடுங்கள்.