அமெரிக்காவில் வரி குறைந்த மாநிலம் எது?

கலிஃபோர்னியாவின் உச்ச வருமான வரி விகிதம் 13.3 சதவீதம். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் இதைவிட உயர்ந்த விகிதம் வேறெங்கும் இல்லை. இல்லினாய் மாநிலத்தில் ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் ஒரே விகிதம்: 4.95 சதவீதம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சம்பளம் ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் எங்கே குடியிருந்தால் மாநிலத்துக்கு அதிக வருமான வரி கட்டுவார்கள்?

இல்லினாயில்தான். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி கணக்குப் போட்டால் அங்கே சுமார் 6,900 டாலர் வருகிறது. கலிஃபோர்னியாவில் சுமார் 4,800 டாலர். கலிஃபோர்னியா அந்த ஆண்டில் சம்பளத்திலிருந்து 1.1 சதவீதத்தை மாநில உடல்நலக்குறைவுக் காப்பீட்டுக்கென்று தனியாகவும் பிடித்தது. அந்த 1,650 டாலரைக் கூட்டிய பிறகும் இல்லினாயின் தொகையே அதிகம்.

கலிஃபோர்னியாவில் வரி அடுக்கடுக்காக ஏறுகிறது. முதல் அடுக்கு ஒரு சதவீதத்தில் தொடங்குகிறது. 13.3 சதவீதம் என்பது ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைக் கடந்த தனிநபர்களுக்கு, அதுவும் கடந்த பகுதிக்கு மட்டும். அதே தம்பதி ஐந்து லட்சம் டாலர் சம்பாதித்தால் நிலைமை தலைகீழாகிவிடும்: கலிஃபோர்னியாவில் 37,000 டாலருக்கு மேல், இல்லினாயில் சுமார் 24,000. வரி விகிதப் பட்டியலைப் பார்த்து ‘அந்த மாநிலம் மோசம், இந்த மாநிலம் தேவலை’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோடீஸ்வரர்களின் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

பென்சில்வேனியாவின் 3.07 சதவீதமும் இப்படித்தான். கேட்கச் சிறியது. ஆனால் அங்கே அடிப்படைக் கழிவு என்று ஒன்றுமில்லை. முதல் டாலரிலிருந்தே வரி. ஓய்வூதியத்துக்காக 401கே கணக்கில் ஊழியர் போடும் தொகைக்கும் மாநில வரி உண்டு. அதற்கு மேல் ஊராட்சியும், பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமும் பெரும்பாலான இடங்களில் ஒரு சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. ஃபிலடெல்ஃபியா நகருக்குள் குடியிருந்தால் நகர வரியே சுமார் 3.7 சதவீதம். மாநிலம் கேட்பதைவிட நகரம் அதிகம் கேட்கும் ஊர் அது.

மூன்று பைகள்

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிது. இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரியை மத்திய அரசு மட்டுமே விதிக்கிறது. சென்னையில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் ஒரே ஸ்லாப். ஜிஎஸ்டி விகிதமும் நாடெங்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் தலைநகர் வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு தன் பங்கை எடுத்த பிறகு, மாநிலம், அதன் உட்பிரிவான கவுன்ட்டி, நகரம், பள்ளி மாவட்டம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென்று வரி போட முடியும். பணம் வரும் வழிகள் முக்கியமாக மூன்று: சம்பளத்தின் மீது வருமான வரி, வாங்கும் பொருள் மீது விற்பனை வரி, வீட்டின் மீது சொத்து வரி. எந்தப் பையிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு.

சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத மாநிலங்கள் ஒன்பது: அலாஸ்கா, டெக்சாஸ், டென்னசி, தெற்கு டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, வயோமிங், வாஷிங்டன், ஃபுளோரிடா. இவற்றில் சிலவற்றுக்கு வேறு வருமானம் இருக்கிறது. அலாஸ்காவுக்கு எண்ணெய். அந்த வருவாயை நம்பி 1980இல் வருமான வரியையே ஒழித்துவிட்ட மாநிலம் அது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அங்கே குடியிருப்பவர்களுக்குப் பங்குத்தொகை கொடுக்கிறது. 2024இல் தலைக்கு 1,702 டாலர் கொடுத்தது. வயோமிங்குக்கு நிலக்கரியும் எரிவாயுவும், நெவாடாவுக்குச் சூதாட்ட விடுதிகள், ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலாப் பயணிகள். இந்த வசதி போதாத இடத்தில் பணம் குடியிருப்பவர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும்.

டெக்சாசின் கணக்கு

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கின்றன. வருமான வரி இல்லை என்பது அங்கே போவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது. 2019இல் மாநில அரசமைப்பிலேயே தனிநபர் வருமான வரிக்குத் தடை எழுதிவிட்டார்கள். எளிதில் மாற்ற முடியாது.

பள்ளிகளை நடத்தப் பணம் வேண்டுமே. அது வீட்டிலிருந்து வருகிறது. ஒரு வீட்டின் வரி பில்லில் கவுன்ட்டி, நகரம், கல்லூரி மாவட்டம் என்று பல பெயர்கள் இருந்தாலும் பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்கு. நாலரை லட்சம் டாலர் வீடு, பள்ளி வரி ஒரு சதவீதம், மற்றவை சேர்ந்து 0.8 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்புக்கு விலக்கு உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த உயர்வு இது. அதைக் கழித்த பிறகும் ஆண்டுக்கு 6,700 டாலர் வருகிறது. மேலே பார்த்த கலிஃபோர்னியாக் குடும்பம் மாநில வருமான வரியும் காப்பீட்டுப் பிடித்தமுமாகக் கொடுத்த தொகையும் ஏறத்தாழ இதுதான். ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களின் புறத்தே எழும் புதிய குடியிருப்புகளில் குடிநீர், சாக்கடைக் குழாய் போட்ட கடனை அடைக்க ‘மட்’ எனப்படும் பயன்பாட்டு மாவட்டத்தின் வரி தனியாகச் சேரும். வேலை போனாலும் சொத்து வரி நிற்காது. வருமான வரிக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு, சம்பளம் நின்றால் அதுவும் நிற்கும்.

டெக்சாசில் வீட்டு மதிப்பீட்டை எதிர்த்து மனுக் கொடுக்க வழி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மே 15 கடைசி நாள். கொடுக்காமல் விடுவது கையில் உள்ள உரிமையை விடுவது. குடியிருக்கும் வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

ஒரே தெருவில் ஐந்து மடங்கு

கலிஃபோர்னியாவின் சொத்து வரிக்கு வேறு கதை. 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆவது முன்மொழிவு, அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதமாகக் கட்டிப்போட்டது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்குத் திருத்தப்படும். ஆகவே நாற்பதாண்டுக்கு முன் வாங்கியவரும் சென்ற ஆண்டு வாங்கியவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கொஞ்சமும் சம்பந்தமில்லாத வரி கட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1988இல் வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர், அதே மாதிரி வீட்டில் பல காலமாக இருப்பவர்களைவிடத் தன்னிடம் ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி வாங்குகிறார்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. முதலில் வந்தவருக்குச் சலுகை, பின்னால் வந்தவர் தலையில் பாரம் என்ற இந்த ஏற்பாடு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. புதிதாகக் குடியேறுபவர்கள் எப்போதும் பின்னால் வருபவர்கள்தான். விரிகுடாப் பகுதியில் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் ஒரு சதவீதமே 12,000 டாலர்.

நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. சொத்து வரிச் சுமையில் அந்த மாநிலம் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. சிறிய மாநிலத்தில் 564 நகராட்சிகள். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், பலவற்றுக்குத் தனிக் காவல்துறை, தனிப் பள்ளி மாவட்டம். செலவு எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே தெரியும். எடிசன் வட்டாரத்தில் நல்ல பள்ளி தேடி வீடு வாங்கும் நம்மவர்கள், ஒருவகையில் பள்ளிக் கட்டணத்தைத்தான் சொத்து வரியாகக் கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தப்புவதில்லை. வீட்டுக்காரரின் வரி வாடகைக்குள் வந்துவிடும்.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

கொலம்பியா ஆற்றின் தென்கரையில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட், வடகரையில் வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர். ஒரிகனில் விற்பனை வரி கிடையாது. வருமான வரி 9.9 சதவீதம் வரை போகும். வாஷிங்டனில் சம்பளத்துக்கு வரி கிடையாது; விற்பனை வரி மாநிலத்துக்கு மட்டும் 6.5 சதவீதம், சியாட்டிலில் உள்ளூர் வரி சேர்ந்து பத்தைத் தாண்டும். வடக்கே குடியிருந்து தெற்கே கடைக்குப் போனால் இரண்டிலிருந்தும் தப்பலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. ஆனால் போர்ட்லண்டில் வேலை பார்த்து ஈட்டும் சம்பளத்துக்கு, வீடு எங்கே இருந்தாலும் ஒரிகன் வரி கேட்கும். ஒரிகனில் வாங்கி வந்து வீட்டில் பயன்படுத்தும் பொருளுக்கு வாஷிங்டன் அதே விகிதத்தில் பயன்பாட்டு வரி கேட்கிறது. சட்டம் இரண்டு வாசலையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறது.

வாஷிங்டனின் பூஜ்யமும் முழுப் பூஜ்யமல்ல. பங்கு விற்ற லாபம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால் ஏழு சதவீத வரி என்று 2022இல் விதித்தார்கள். முதுமைக்காலப் பராமரிப்பு நிதிக்குச் சம்பளத்தில் 0.58 சதவீதம் பிடிக்கிறார்கள். சியாட்டிலை அடுத்த ரெட்மண்ட், பெல்வியூ பகுதிகளில் எச்1பி போன்ற தற்காலிகப் பணி விசாவில் இருப்பவர்கள் இந்தப் பிடித்தத்திலிருந்து விலக்குப் பெறலாம். 

யார் தலையில் பாரம்

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது, குறைந்த சம்பளக்காரர் என்ன கட்டுகிறார் என்பது. வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஃபுளோரிடாவில் வருமானத்தில் அடிமட்டத்து ஐந்தில் ஒரு பங்கினர் மாநில, உள்ளூர் வரிகளாகத் தம் வருமானத்தில் 13.2 சதவீதத்தைக் கொடுக்கிறார்கள். உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினர் கொடுப்பது 2.7 சதவீதம். கலிஃபோர்னியாவில் இந்த இரண்டு எண்களும் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டியே இருக்கின்றன. ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர் சம்பளம் முழுவதையும் செலவழித்தாக வேண்டும்; செலவழிக்கும் பல இடங்களில் விற்பனை வரி. பணக்காரர் வருமானத்தின் பெரும்பகுதியை முதலீட்டில் போடுகிறார். அங்கே விற்பனை வரி கிடையாது. டென்னசியில் மளிகைக்குக்கூட மாநில வரி நான்கு சதவீதம். பெரும்பாலான மாநிலங்கள் அரிசி, பருப்பு, பாலுக்கு வரி வாங்குவதில்லை. வருமான வரி இல்லாத மாநிலம் என்பதைச் சாதாரண மக்களுக்குத் தந்த சலுகையாகச் சொல்வது உண்மைக்கு மாறானது.

மாறுவதற்கு முன்

இடம் மாறியதும் பழைய மாநிலம் கையைக் கழுவிவிடுவதில்லை. கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது நிறுவனம் ஒதுக்கிய பங்குகள், டெக்சாசுக்குப் போன பிறகு கைக்கு வந்தாலும், ஒதுக்கிய நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் கலிஃபோர்னியாவில் உழைத்த நாட்களின் விகிதத்துக்கு அந்த மாநிலம் வரி வாங்கும். நியூயார்க் நிறுவனத்துக்கு நியூ ஜெர்சியில் வீட்டிலிருந்தபடி வேலை செய்தால், அது ஊழியரின் சௌகரியத்துக்கான ஏற்பாடு என்று கருதி நியூயார்க்கே வரி கேட்கும்.

ஊரில் வைப்புநிதி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் மத்திய வருமான வரியைத்தான் கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல. இந்திய வங்கி வட்டிக்கு இந்தியாவில் கட்டிய வரியை மத்திய வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. கலிஃபோர்னியா அந்தக் கழிவைத் தருவதில்லை.

மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டிய வரியை மத்திய வரிக் கணக்கில் கழிக்கும் உச்சவரம்பு 2018 முதல் பத்தாயிரம் டாலராக இருந்தது. 2025இல் அது நாற்பதாயிரமாக உயர்ந்தது. சுமார் ஐந்து லட்சம் டாலர் வருமானத்துக்கு மேல் இந்த வரம்பு படிப்படியாகக் குறையும். நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா வீட்டுக்காரர்களுக்கு இது உண்மையான நிவாரணம்.

ஒன்றரை லட்சம் டாலர் சம்பளக் குடும்பம் வரிக்காக மட்டும் மாநிலம் மாறுவதில் பெரிய லாபம் இல்லை என்பது என் கணிப்பு. வீட்டு விலையும் வாடகையும் வரியைவிடப் பல மடங்கு பெரிய வித்தியாசத்தைத் தருகின்றன. மாறத்தான் போகிறீர்கள் என்றால், வாங்க நினைக்கும் வீட்டின் வரி விவரத்தைக் கவுன்ட்டியின் இணையதளத்தில் பாருங்கள். அங்கே தெரியும் தொகை இப்போதைய உரிமையாளருடையது. அவருக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருக்கலாம், பல ஆண்டுகளாகக் கட்டுப்பட்டிருந்த பழைய மதிப்பு இருக்கலாம். நீங்கள் வாங்கும் விலையை அந்த ஊரின் மொத்த வரி விகிதத்தால் பெருக்கி, வருகிற தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதத் தவணையோடு சேர்த்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.