உங்களுக்குத் தெரியுமா? கூர்முனையற்ற இடுக்கி

கருத்தடைச் சாதனத்தைப் பொருத்துகையில் கருப்பை வாய் அசையாதிருக்கும் பொருட்டு, அதை இரு கூரிய முனைகளால் கவ்விப் பிடிக்கும் டெனாகுலம் என்னும் இடுக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியர் சாமுவேல் பொஸ்ஸியின் காலத்திலிருந்து அதிக மாறுதலின்றி இன்றளவும் பிரயோகத்தில் இருப்பதும், அதனால் வேதனையும் இரத்தக் கசிவும் நேர்வதும், வைத்திய உலகம் நெடுங்காலமாகச் சகஜமென்று கருதிவந்த விஷயங்கள். (சகித்தவர்கள் ஸ்திரீகள், கருதியவர்கள் பெரும்பாலும் புருஷர்கள்!) சுவிட்சர்லாந்தில், லோசான் நகரையடுத்த ஆஸ்பிவிக்ஸ் நிறுவனத்தார், கூர்முனைகளை அறவே நீக்கி, மிருதுவான உறிஞ்சுவிசையால் அதே காரியத்தை நிறைவேற்றும் கேர்விக்ஸ் என்ற உபகரணத்தை அமைத்து, 100 ஸ்திரீகளிடம் பழைய இடுக்கியோடு ஒப்பிட்டுப் பரிசோதித்ததில், வலியும் இரத்தக் கசிவும் குறைந்தன, பிரசவம் காணாதவர்களிடம் அவ்வித்தியாசம் விசேஷமாகத் தென்பட்டது.